பரிமாறுவோரின் சோறு யார் கணக்கில்?

ஹப்சிகுடா மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் நண்பகல் நெரிசல் ஓய்ந்த பிறகே தொழிலாளர்கள் உண்ண அமர்கின்றனர். அந்தச் சோறு முதலாளியின் கொடையா, கூலியின் பகுதியா?

சட்டங்கள் வெவ்வேறு விடை கூறுகின்றன. 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள், வேலை நேரத்தில் நிறுவனம் வழங்கும் உணவுக்கு வேளைக்கு 50 ரூபாய் வரை வரிவிலக்கு அளித்தன. வரி வரம்பையே எட்டாத சர்வர்களுக்கும் பாத்திரம் துலக்குவோருக்கும் அதனால் பயனில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, கூலிக்கு ஈடாகப் பொருளாகத் தரப்படுவதை மொத்தக் கூலியில் 15 சதவீதம் வரை கூலியாகவே கருதுகிறது. உயர் ஊதியக்காரருக்கு உணவு சலுகை. உழைப்பாளிக்கோ அது ரொக்கக் கூலியைக் குறைக்கும் வழி.

கூலி என்று சோற்றைக் கணக்கிடும் உரிமையாளர், வருங்கால வைப்பு நிதி என்றதும் அதை மறந்துவிடலாகாது. 1952ஆம் ஆண்டின் சட்டமே உணவுச் சலுகையின் பண மதிப்பையும் சேர்த்து நிதி செலுத்தப் பணித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் கூலிக்கு அதே 15 சதவீத விளக்கம்தான்.

உணவு கூலியென்றால் வைப்பு நிதிக்கும் அது கூலியே; இல்லையென்றால் அதற்காகப் பிடித்தம் கூடாது. இரண்டிலொன்றை ஒப்புக்கொள்ளச் செய்வது சங்கத்தின் கடமை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஊதியச் சீட்டு கோருவதே அதற்கு முதற்படி.