கீபோர்டுக்காரர் போய்விட்டால் குழு முடிந்ததா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் முதல் வாரம் பாட்டு கேட்பதிலேயே போய்விடும். இரண்டாவது வாரம் யாராவது வந்து, "இதில் பாட்டு கேட்க மட்டுமல்ல, பாட்டு தயாரிக்கவும் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதன் பிறகுதான் கேள்விகள் வரத் தொடங்கும்.

கெங்குவார்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கேட்ட கேள்வி இது. திருவிழாக்களுக்குப் பாடும் சின்ன இசைக்குழு அவர்களுடையது. கீபோர்டு வாசித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கீபோர்டு அவருடைய சொந்தப் பொருள், அதுவும் அவரோடு போய்விட்டது. மிச்சம் இருப்பவர்கள் இரண்டு பாடகர்களும் ஒரு தவில்காரரும்தான். இவர்களோடு தவணையில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மாசியில் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோவில் திருவிழா வருகிறது. அதற்குள் கீபோர்டுக்காரர் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைக்கலாமா, இல்லை குழுவைக் கலைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

கலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கீபோர்டுக்காரர் செய்ததை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து காட்ட முயல்வதும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹியூமன் லீக் என்று ஒரு குழு. கிடார், டிரம்ஸ் எதுவும் இல்லாமல் சிந்தசைசர் இயந்திரங்களை மட்டும் வைத்துப் பாட்டுப் போட்டவர்கள். இந்த வகை இசைக்கு சிந்த்-பாப் என்று பெயர். 1980ல் குழு உடைந்தது. வெளியேறிய மார்ட்டின் வேர், இயான் கிரெய்க் மார்ஷ் இருவரும்தான் இயந்திரங்களை நன்கு அறிந்தவர்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் பாடகர் பிலிப் ஓக்கி. இன்னொருவர் மேடையில் ஸ்லைடு புரொஜெக்டர் ஓட்டியவர்! இனி இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஓக்கி, நடன விடுதி ஒன்றில் பார்த்த இரண்டு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். இயந்திர வேலைக்கு மார்ட்டின் ரஷன்ட் என்ற தயாரிப்பாளர் வந்தார். 1981ல் 'டேர்' என்ற ஆல்பம் வெளியாகி இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அதில் இருந்த ஒரு பாட்டு அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினின் சத்தம் அந்த ஆல்பம் முழுவதும் கேட்கும். ஆனால் அதே மெஷினை அந்தக் காலத்தில் வேறு பலரும் வைத்திருந்தார்கள். ஓக்கியின் கனத்த குரலுக்கு எதிரே இரண்டு சாதாரணப் பெண்களின் குரல் வந்ததும், பாட்டு ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் கதையாக மாறிப் போனது. மெஷினை விட அதுதான் வேலை செய்தது என்பேன். வெளியேறிய இருவரும் சும்மா இருக்கவில்லை. ஹெவன் 17 என்ற குழுவைத் தொடங்கி அவர்களும் 1981லேயே ஆல்பம் போட்டார்கள்.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மலேசியத் தமிழர் கதை இருக்கிறது. பொயட்டிக் அம்மோ என்ற ராப் குழு 1998ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் சீனம் என்று நான்கு மொழிகளில் ராப் செய்தவர்கள். பின்னர் குழு கலைந்தது. அதில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இருவரோடு சேர்ந்து 'யோகி பி அன்ட் நட்சத்திரா' என்ற பெயரில் 2006ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டு வந்தார். இம்முறை நான்கு மொழிக் கலவை இல்லை. ஆங்கிலம் ஆங்காங்கே வந்தாலும் பாட்டு தமிழில்தான் நடந்தது.

அந்த ஆல்பத்தில் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது 'மடை திறந்து'. 1980ல் பாரதிராஜா எடுத்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் வாலி எழுதி எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டு அது. அல்லிநகரத்துக்காரரும் பண்ணைப்புரத்துக்காரரும் சேர்ந்து செய்த வேலை, கடல் தாண்டிப் போய் ராப் பாட்டாகத் திரும்பி வந்தது. மஞ்சளாறு அணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மடை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் வளர்ந்த ஒருவர், பழைய குழு போன பிறகு புதிதாகத் தொடங்கும்போது, அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பல்லவியை எடுத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் தங்கள் சொந்தச் சொற்களை வைத்தார்கள். (ஆல்பத்தின் எல்லாப் பாட்டும் அந்தத் தரத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.) பதினோரு ஆண்டு கழித்து 2017ல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா' பாட்டிலும் யோகி பியின் குரல் ஒலித்தது.

கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் இசையா என்று கேட்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இளையராஜாவே 1986ல் 'புன்னகை மன்னன்' படத்தில் கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார் என்று சொல்லுங்கள். இன்னொரு உதாரணமும் உண்டு. 1994ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் போட்ட 'பேட்டை ராப்' பாட்டை எடுத்துக் கேளுங்கள். மெஷின் தாளத்துக்கு நடுவே வரும் பெண் குரல் தேனி குஞ்சரம்மாளுடையது. அந்தத் தாளத்தை இன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மாலை நேரத்தில் ஏறக்குறைய செய்துவிடலாம். அந்தக் குரலை எந்த சாப்ட்வேரிலும் டவுண்லோட் செய்ய முடியாது.

இனி நம் இளைஞர்களின் விஷயம். இரண்டு இலவச சாப்ட்வேர்கள் போதும். குரலையும் தவிலையும் பதிவு செய்ய ஆடாசிட்டி. தாளமும் கீபோர்டு இசையும் அமைக்க எல்எம்எம்எஸ். இரண்டும் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். மூவாயிரம் கிடார் சத்தம் கிடைக்கும் என்று யாராவது திருட்டு சாப்ட்வேரை பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். கூடவே வைரஸும் வரும்.

திருப்பூருக்குப் போனவர் பொங்கலுக்கு வரும்போது ஒரு வேலை செய்து கொள்ளுங்கள். அவருடைய கீபோர்டில் மிடி அல்லது யுஎஸ்பி போர்ட் இருந்தால் அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அவர் வாசிப்பதை மிடி பைலாகச் சேமித்து வையுங்கள். மிடி என்பது 1983ல் வந்த முறை. மிடி பைலில் சத்தம் எதுவும் இருக்காது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் பிடித்தார் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஆகவே பைல் சில கிலோபைட்தான் வரும். பாடகருக்குச் சுருதி உயரமாக இருந்தால் இறக்கலாம், நாதஸ்வரச் சத்தத்துக்கோ வயலின் சத்தத்துக்கோ மாற்றலாம். எம்பி3 பைலில் இவ்வளவு சுலபமாக முடியாது.

ஆனால் மேடையில் ஒரு சிக்கல் வரும். திருவிழாக் கூட்டம் சூடு பிடித்தால் தவில்காரர் தன்னை அறியாமல் வேகத்தைக் கூட்டுவார். பழைய கீபோர்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் கூடவே ஓடுவார். கம்ப்யூட்டர் ஓடாது. எனவே முழுப் பாட்டையும் கம்ப்யூட்டரில் நிரப்பி வைத்துவிட்டு தவில்காரரை அதன் பின்னால் நடக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடக்க இசை, நடுவில் வரும் இடை இசை, இவற்றை மட்டும் சின்னத் துண்டுகளாகச் செய்து, தேவைப்படும் இடத்தில் ஓட விடுங்கள். சரணம் வந்தால் தவிலும் குரலும் மட்டும் போகட்டும். பழைய குழுவின் சத்தம் அப்படியே வராதுதான். ஷெபீல்டிலும் கோலாலம்பூரிலும் அப்படி வரவில்லை.

முதல் நாள் தாளம் எதையும் தொடாதீர்கள். மைக் வைத்து இரண்டு பாடகர்களையும் தவிலையும் ஆடாசிட்டியில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். எந்த இடம் காலியாகத் தெரிகிறதோ அங்கே மட்டும் இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள். பதிவு செய்ததை வேவ் பைலாக வைத்துக்கொள்ளுங்கள். சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். நண்பர்களுக்கு அனுப்பும் காப்பியை மட்டும் எம்பி3 ஆக மாற்றினால், 128 கேபிபிஎஸ் அளவில் நிமிடத்துக்கு 1 எம்பி அளவே ஆகும்.

சினிமாப் பாட்டை ரீமிக்ஸ் செய்து வெளியிட நினைத்தால் உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதி வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டு. 1980ல் வெளியான பதிவுக்கு அது 2040 முடியும் வரை இருக்கிறது. அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஊரில் வயதானவர்கள் பாடும் நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மிப் பாட்டு இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுக்கொண்டு அவற்றில் ஒன்றை எடுத்துத் தொடங்கலாம். நான் என்றால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மேடைக்குப் போகும்போது எல்லா பைல்களுக்கும் பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும். தவில் மட்டும் வைத்துப் பாடக்கூடிய பாட்டு ஒன்றும் கையில் இருக்கட்டும். திருவிழா நேரத்தில் கரண்ட் போவது புதிதல்ல.