சலமான்கா போனா வாயில்லாப் பூச்சி!

கேன்டீன்ல நீங்க வாயைத் திறந்தா டேபிளே குலுங்கும். லெக்சரர் மிமிக்ரி, ஹெச்.ஓ.டி. நடை, செகண்டுக்கு ஒரு கவுன்ட்டர்னு கேங்லயே நீங்கதான் காமெடி கிங். ஓகே பாஸ், அதே உங்களை ஸ்பெயின்ல ஒரு கிளாஸ் ரூம்ல உட்கார வெச்சா? பேனா கடன் கேட்கக்கூட வார்த்தை வராம திருதிருன்னு முழிப்பீங்க! வெளிநாட்டுப் படிப்புன்னா விசா, ஃபீஸ், குளிர்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. இந்த மேட்டரை மட்டும் யாரும் சொல்றதில்லை. அதான் இந்த வாரம் நம்ம டாபிக்.

ஊர் பேரு சலமான்கா. மாட்ரிட்ல இருந்து சுமார் 200 கி.மீ. இங்கே இருக்கிற யுனிவர்சிட்டி 1218-ல ஆரம்பிச்சது. ஸ்பெயின்ல இன்னிக்கும் நடக்கிற யுனிவர்சிட்டிகள்ல இதுதான் சீனியர் மோஸ்ட். பழைய கட்டடங்கள் எல்லாம் வில்லமயோர் மணற்கல். சாயங்கால வெயில் பட்டா சும்மா தங்கமா மின்னும். யுனிவர்சிட்டி முகப்புச் சிற்பங்களுக்கு நடுவுல ஒரு மண்டையோடு, அது மேல ஒரு குட்டித் தவளை. யாரும் காட்டாம நீங்களே அந்தத் தவளையைக் கண்டுபிடிச்சா எக்ஸாம்ல பாஸ்னு ஒரு நம்பிக்கை. பேப்பர்ல பிள்ளையார் சுழி போடற நாம இதுக்குச் சிரிக்கக் கூடாது!

இன்ஜினீயரிங் பார்ட்டிகளுக்கு மட்டும் ஒரு ட்விஸ்ட். இந்த யுனிவர்சிட்டியோட இன்ஜினீயரிங் காலேஜ்கள்ல சிலது சலமான்காவுலயே இல்லை. பெஹார், சமோரான்னு வேற ஊர்கள்ல இருக்கு. அப்ளை பண்றதுக்கு முன்னாடி கேம்பஸ் எந்த ஊர்னு பார்த்துக்கங்க.

இப்போ மொழிக்கு வருவோம். டிகிரி கிளாஸ் பெரும்பாலும் ஸ்பானிஷ்லதான். நமக்கு ஒரு நல்ல சேதி உண்டு. ‘ஆப்லோ’ன்னா பேசறேன், ‘ஆப்லாஸ்’னா பேசறே, ‘ஆப்லாமோஸ்’னா பேசறோம். நான், நீ, நாமன்னு தனியா சொல்லவே வேண்டாம், வினைச்சொல்லோட வாலே சொல்லிடும். அப்படியே தமிழ் மாதிரி! நீ-நீங்க மாதிரி ‘தூ-உஸ்தேத்’தும் உண்டு. ஆனா ஸ்பெயின்ல நிறைய புரொஃபசர்களை ஸ்டூடன்ட்ஸ் ‘தூ’ போட்டுத்தான் கூப்பிடறாங்க. நமக்கு நாக்கு கூசும்.

கெட்ட சேதியும் இருக்கு. புத்தகத்துல படிச்ச ஸ்பானிஷ் வேற, காதுல விழற ஸ்பானிஷ் வேற. ‘கிராஸியாஸ்’னு மனப்பாடம் பண்ணிட்டுப் போவீங்க, அவங்க ‘கிராத்தியாஸ்’ம்பாங்க. ‘எஸ்தோய் அபுர்ரிதோ’ன்னா எனக்கு போரடிக்குது. கொஞ்சம் மாத்தி ‘சோய் அபுர்ரிதோ’ன்னா நானே ஒரு போர் ஆசாமி! இங்கிலீஷ் ‘எம்பாரஸ்டு’ ஞாபகத்துல ஒரு பொண்ணு ‘எம்பாரத்தாதா’ன்னு சொன்னா முடிஞ்சுது கதை. அதுக்கு அர்த்தம், கர்ப்பம்!

நாம சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மத்தவங்க ஜோக்குக்குப் புரியாமலே சிரிக்கணும். பதில் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பேச்சு வேற டாபிக்குக்குப் போயிடும். ஊர்ல ‘அறுந்த வாலு’ன்னு பேர் வாங்கினவன் அங்கே ‘ரொம்ப அமைதியான பையன்’ ஆயிடுவான். நம்ம புத்திசாலித்தனத்துல பாதி நம்ம மொழியிலதான் இருந்துச்சுன்னு அப்போதான் உறைக்கும்.

தப்பிக்க ஒரு ஷார்ட்கட் இருக்கு. 1987-ல ஆரம்பிச்ச எராஸ்மஸ் திட்டத்துல ஐரோப்பா முழுக்க இருந்து ஸ்டூடன்ட்ஸ் வர்றாங்க. அவங்களோட இங்கிலீஷ்லயே பேசி, சுத்தி, செமஸ்டரை ஓட்டிடலாம். ஜாலிதான். ஆனா ஊருக்குத் திரும்பும்போது ஆல்பம் நிறைய போட்டோ இருக்கும், வாயில ஸ்பானிஷ் இருக்காது.

நல்ல வழி, ‘இன்டர்காம்பியோ’. இங்கிலீஷ் கத்துக்க நினைக்கிற ஸ்பானிஷ் ஸ்டூடன்ட்டோட அரை மணி நேரம் இங்கிலீஷ், அரை மணி நேரம் ஸ்பானிஷ். ஃபீஸ் கிடையாது. ரெண்டு பேருமே உளறுவீங்க, அதனால வெட்கமும் கிடையாது. அப்புறம் தினமும் ஒரே கடையில காபி குடிங்க. கடைக்காரர்கிட்ட இன்னிக்கு ரெண்டு வார்த்தை, நாளைக்கு நாலு வார்த்தை.

மொழிக்காக இந்த ஊர் நிறைய பார்த்திருக்கு. ஸ்பானிஷுக்கு நெப்ரிஹா எழுதின இலக்கணம் 1492-ல அச்சானது இங்கேதான். இங்கே புரொஃபசரா இருந்த ஃப்ராய் லூயிஸ் தெ லியோனை 1572-ல மத விசாரணை மன்றம் ஜெயில்ல போட்டுச்சு. பைபிள்ல ஒரு பகுதியை ஜனங்க பேசுற ஸ்பானிஷ்ல மொழிபெயர்த்ததும் குற்றச்சாட்டுகள்ல ஒண்ணு. 1576-லதான் விட்டாங்க. திரும்பி வந்தவர், நேத்து விட்ட இடத்துல இருந்து தொடர்ற மாதிரி கூலா பாடத்தை ஆரம்பிச்சார்னு ஒரு கதை உண்டு. கட்டையைச் செதுக்கிப் போட்ட பெஞ்சுகளோட அவர் பேர்ல இருக்கிற கிளாஸ் ரூமை இன்னிக்கும் பார்க்கலாம். மனுஷன் அதுக்கே அசரலை. கிராமர் மிஸ்டேக்குக்கு நாம அசரலாமா?

கடைசியா ஒரு கறார் மேட்டர். அங்கே மார்க் பத்துக்கு, அஞ்சு எடுத்தா பாஸ். ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட். எந்தப் பேப்பர் நம்ம காலேஜ்ல எதுக்கு ஈடுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. இல்லேன்னா சலமான்காவுல பாஸ், சொந்த ஊர்ல அரியர்!

மத்தபடி, முதல் ரெண்டு மாசம் வாயில்லாப் பூச்சியா இருக்கிறதுக்குத் தயாரா போங்க. என்னிக்கு உங்க ஸ்பானிஷ் ஜோக்குக்கு ஒருத்தர் நிஜமாவே சிரிக்கிறாரோ, அன்னிக்குதான் நீங்க அந்த ஊர் ஸ்டூடன்ட். வாலே? (அங்கே எல்லாத்துக்கும் இதுதான். நம்ம ஊர் ‘ஓகேவா?’)