ஏட்டுக்குப் பூசை, எழுத்துக்குத் தீ

சென்ற மாதம் நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் தொண்ணூறு வயது கடந்த முதியவர் ஒருவர் காலமானார். கருமாதி முடிந்த மறுநாட் காலை அவருடைய தகரப்பெட்டியை லயத்துக்குப் பின்புறம் கொண்டுபோய்க் கவிழ்த்து, உள்ளிருந்த காகிதங்களையெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். செய்தி கேட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது ஒரு தபாலுறையின் மூலை மட்டும் சாம்பலில் எரியாமற் கிடந்தது. ஏன் இவ்வாறு செய்தீர்கள் என்று வினவினோம். “செத்தவர் எழுத்து வீட்டில் இருக்கக் கூடாதுங்க, கிராணி ஐயா” என்று விடை வந்தது. விடை சொன்னவர் கல்லாதவரல்லர். பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவர். ஆண்டு தவறாமல் சரசுவதி பூசையன்று புத்தகங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறவர்.

எழுத்தைத் தெய்வம் என்கிறோம். அதன்மேற் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆயின் அதைப் படிப்பதுமில்லை, காப்பதுமில்லை. இந்த வினோத பக்தி இன்று நேற்று முளைத்ததன்று.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்த கதையை நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்லக் கேளாதார் இரார். ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்வது கதையின் இனிய பாதியையே. மற்றப் பாதியை ஐயரே தம் ‘என் சரித்திர’த்தில் எழுதிவைத்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலத்துச் சுவடிகள் குவிந்திருந்தன என்று அறிந்து அவர் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்பது ஆகம விதியாம். அவ்விதியின்படியே எல்லாவற்றையும் இட்டுவிட்டோம் என்று அங்கே அவருக்கு விடை சொன்னார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை நீரில் விட்டவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தோ! நெய் வார்த்து, மந்திரம் சொல்லி, மணியடித்து, நம் முன்னோரின் அறிவை நாமே சாம்பலாக்கினோம்.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டு, சுமார் 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்ததை நினைத்து நாம் கண்ணீர் விடுகிறோம். விடத்தான் வேண்டும். பிறர் இட்ட தீயை மறவாத நாம், நாமே இட்ட தீக்கு மட்டும் சாஸ்திரம் தேடுவது எந்த நியாயம்?

புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். நானூறு பாட்டு என்பது பெயரளவிலே. 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் இல்லை. இருப்பனவற்றுள்ளும் பல தலையோ காலோ இழந்தவை. பரிபாடல் எழுபது என்பர்; முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. போன பாட்டுகள் எந்த ஓமகுண்டத்தில் போயின, எந்தக் கறையானின் வயிற்றில் போயின என்று யார் சொல்வார்? ஓலை என்றும் அழியாத பொருளன்று. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. மஞ்சளும் வசம்பும் வைத்து, புல்தைலம் தடவி, தூசி தட்டிப் பார்த்து வரவேண்டும். இற்றுப்போகுமுன் ஒருவன் உட்கார்ந்து எழுத்தாணி பிடித்துப் புது ஓலையில் படியெடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் போதும், ஆயிரம் ஆண்டு அறுந்துவிடும். பூசை அறையில் பட்டுத்துணி சுற்றி வைத்துவிட்டால் இவ்வேலைகளில் ஒன்றும் நடவாது.

ஐயர் 1942 இல் மறைந்தார். அடுத்த ஆண்டே சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் எழுந்தது. அவர் தேடிச் சேர்த்தனவும் பின்னர் வந்தனவுமாக 2,000க்கு மேற்பட்ட சுவடிகள் அங்கே உள்ளன. நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது சுவடியன்று; ஐயருக்குப் பிறர் எழுதிய கடிதங்கள். அவற்றை அவர் இளமை முதற்கொண்டே எறியாமற் கட்டிவைத்தார். 1877 முதல் 1900 வரை வந்தவை ஒரு பெருந்தொகுதியாக அச்சேறியும் உள்ளன. ஏட்டைக் காத்தவர் என்று அவரைப் புகழ்வோர், கடுதாசியையும் காத்தவர் என்பதைக் கண்டுகொள்வதில்லை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: “அவர் மகாமகோபாத்தியாயர், அவருக்கு வந்த கடிதம் சரித்திரம். பால்மரம் வெட்டியவனுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது? மாடு கன்று போட்டது, மாமன் மகளுக்குக் கலியாணம், பணம் அனுப்பு, இவ்வளவுதானே?”

இவ்வளவுதான். இதே இவ்வளவைத்தான் புதுச்சேரியில் ஒரு கணக்குக்காரர் இருபத்தைந்து ஆண்டு எழுதினார். ஆனந்தரங்கப் பிள்ளை புலவரல்லர். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷ் வேலை பார்த்த வியாபாரி, ஏறக்குறைய நம் சாதிக் கிராணி என்றே சொல்லலாம். (சாதி என்றது தொழிலை, வாசகர் வேறு பொருள் கொள்ள வேண்டா.) 1736 இல் தொடங்கி 1761 இல் தாம் இறக்கும்வரை, கப்பல் வந்ததையும் சரக்கு விலையையும் துய்ப்ளேக்சு துரை கோபித்ததையும் துரைசாணி சூழ்ச்சி செய்ததையும் பேச்சு நடைத் தமிழில் குறித்துக்கொண்டே போனார். அக்காலத் தென்னாட்டு அரசியலை எழுதப் புகும் எவரும் இன்று அந்தக் குறிப்பைப் புரட்டாமல் நகர முடியாது. நாம் வெட்கப்படவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. அதைத் தேடிப் படியெடுத்தவர்கள் 1840களில் பிரெஞ்சுக்காரர்கள். ஒரு படி பாரிசு தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகள் வந்து முடிந்துவிட்டன. தமிழன் தமிழில் எழுதியது தமிழிலேயே தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியது 1948 இல். ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம் அதை முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தோம் என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களை ஆண்ட ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு கம்பெனியின் பழந்தாள்கள் லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் அட்டவணையிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. துரைமார் எழுதிய கடிதத்துக்கு அங்கே அலமாரி உண்டு. துரைமாரைப் பற்றி நம்மவர் ஊருக்கு எழுதிய கடிதம் எங்கே? நாளை நம் பேரப்பிள்ளைகள் தோட்டத்துச் சரித்திரம் எழுத உட்கார்ந்தால், துரை கண்ட கூலியைத்தான் காண்பார்கள். கூலி கண்ட துரையைக் காணமாட்டார்கள். இதற்கு வெள்ளைக்காரனை ஏசிப் பயனில்லை. அவன் தன் காகிதத்தைக் காத்தான். நம் காகிதத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னவன் அவனல்லன்.

சயாம் ரயில் பாதையை நினையுங்கள். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மண் சுமந்து மாண்ட நம் மக்கள் பல பதினாயிரவர். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரும் படையும் பொறித்து நிற்கின்றன. அக்கைதிகளுள் சிலர் சாவுப் பட்டியலையும் நாட்குறிப்பையும் காவலர் கண்ணில் படாமல் மூங்கிற் குழாயில் ஒளித்துக் காத்தார்கள். நம்மவர்க்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. பெயர் எழுதுவார் இல்லாத இடத்தில் பிணத்துக்கு ஏது கல்?

பிறரைச் சாடும் நாம் நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். ஐந்தாண்டுகளுக்கு முன், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு வெகுநாளான நம் தோட்டத்தில், அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறிற்று. பழைய செக்ரோல் புத்தகங்களை எரித்துவிடும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. யார் யார் எந்த நாளில் வேலைக்கு வந்தார்கள், எவருக்கு அரைப்பேர் போட்டார்கள், எவர் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது என்றெல்லாம் காட்டும் புத்தகங்கள் அவை. ஏன் என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. எரிக்க வேண்டியவற்றின் பட்டியலை நல்ல ஆங்கிலத்தில் மூன்று படி தட்டச்சு செய்து கொடுத்தோம். புத்தகங்கள் எரிந்தன. அந்தப் பட்டியல் மட்டும் இன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது!

தோழர்களே, வீடுதோறும் ஒரு நூல்நிலையம் கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூச வசூலாகும் தொகையில் ஒரு சிறு பங்கு, சங்கக் கட்டடத்தில் ஈரம் ஏறாத ஓர் இரும்பலமாரி வாங்கப் போதும். பெரியவர் மறைந்தால் பெட்டியை உடனே திறந்து கொட்டாதீர்கள். கடிதம், மணியார்டர் ரசீது, கப்பல் சீட்டு, மொய் நோட்டு எதுவாயினும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தீட்டு என்று அஞ்சுகிறவர்கள், அதே பெட்டியிலிருந்த சேமிப்புப் புத்தகத்தையும் நிலப் பத்திரத்தையும் தீயில் போட்டதாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை.

அந்த முதியவரின் காகிதங்களுள் ஒன்று தப்பியிருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன், தாம் பிறந்த தேதி பின்னட்டையில் எழுதப்பட்டிருக்கிறதென்று சொல்லி, தம் தகப்பனாரின் கூட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை அவர் நம்மிடம் கொண்டுவந்தார். நகல் எடுத்துத் தருவதாக வாங்கிவைத்தோம். எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. நம் சோம்பலே அதைக் காத்தது. மாதம் இரண்டு வெள்ளிக் கூட்டு, 1941 இல் தொடங்கியது, முப்பத்தொரு பெயர். 1943 ஆம் ஆண்டுப் பக்கத்தில் பன்னிரண்டு பெயர்களுக்கு எதிரே ‘சயாம்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. 1946 இல் கணக்கை மறுபடி திறந்தபோது அவர்களுள் மூவருக்கு நேரே ‘வந்தான்’ என்று இருக்கிறது. ஒன்பது பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது பெயரையும் தனித்தாளில் படியெடுத்துவிட்டோம். ஒரு பெயரின் கடைசி எழுத்தின்மேல் எண்ணெய்க் கறை. ‘ன்’ ஆவதும் கூடும், ‘ள்’ ஆவதும் கூடும். போனவர் ஆணா பெண்ணா என்பது அந்த எழுத்தில் இருக்கிறது. அத்தோட்டத்துப் பழங்குடிகள் எவரேனும் இருப்பின் நமக்கு எழுதுவார்களாக.