கைக்கு வராத ஆணை

2025 பிப்ரவரி 15ஆம் தேதி மாலையிலிருந்து விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஐந்து நாள் முன்பு விகடன் பிளஸ் மின்னிதழின் அட்டையில், பிரதமர் மோடி விலங்கு பூட்டிய நிலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகே அமர்ந்திருக்கும் கேலிச்சித்திரம் வந்திருந்தது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை. அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார், தளம் முடங்கியது. தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் ஒரு வாசகர் அன்றிரவு கைபேசியில் அந்தத் தளத்தைத் தேடியிருந்தால், சிக்னல் சரியில்லை என்றுதான் நினைத்திருப்பார். தளத்தை நடத்துகிறவர்களுக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் அவர்களுக்கு வந்தது தளம் முடங்கிய பிறகுதான்.

அந்தச் சித்திரம் எல்லை மீறியதா என்ற விவாதத்திலேயே நம் தொழிலில் பலர் நின்றுவிட்டார்கள். அது வாசகர்கள் பேச வேண்டிய விஷயம். செய்தித் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: யார் உத்தரவிட்டார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், என்ன காரணம் எழுதி, அந்தத் தாள் எங்கே? இணையத்தில் பத்திரிகைச் சுதந்திரம் இன்று இந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது நம் கருத்து.

இதே நிறுவனத்தின் பழைய வரலாறே இதற்குச் சாட்சி. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கொடுமையான முடிவு. ஆனால் அது அவையில், பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் வாயால், நாள் குறித்துச் சொல்லப்பட்டது. எதிர்க்க வேண்டியவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, கண்டனம் குவிந்தது, சில நாட்களில் அவர் வெளியே வந்தார், பிறகு நீதிமன்றத்திலும் வென்றார். 2018 மே மாதம் 13 பேர் உயிரிழந்த தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியபோதும் மாநில அரசின் உத்தரவு எல்லோர் பார்வைக்கும் வந்தது. அதனால்தான், துப்பாக்கிச்சூடு நடக்காத மற்ற இரு மாவட்டங்களுக்கு எதற்குத் தடை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் உடனே கேட்க முடிந்தது. அந்த இரு மாவட்டங்களுக்குத்தான் இணையம் முதலில் திரும்பியது. அடக்குமுறைக்குப் பெயரும் தேதியும் இருந்தால் வழக்குப் போடலாம். அவை இல்லாத இடத்தில் வழக்கறிஞர் எதை இணைத்து மனு எழுதுவார்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, காரணத்தை எழுத்தில் பதிந்துதான் தடை விதிக்க வேண்டும் என்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது 69ஏவை விட்டுவைத்ததற்குக் காரணமே, அதில் இப்படிப்பட்ட பாதுகாப்புகள் இருக்கின்றன என்பதுதான். 69ஏ பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவை வெளியிட்டவரைக் கண்டறிய நியாயமான முயற்சி எடுத்து, பதிலளிக்க 48 மணி நேரமாவது கொடுக்க வேண்டும். ஆனால் அதே விதிகளில் 9ஆவது, அவசரம் என்றால் கேட்காமலே தடுக்கலாம் என்கிறது. 16ஆவது, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முன்வாசலில் கொடுத்த உரிமை பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது. இணையத் தடை உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாவட்டத்தின் இணையத்தை நிறுத்தும் உத்தரவுக்குப் பொருந்துகிற நியாயம், ஒரு பத்திரிகையை நிறுத்தும் உத்தரவுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பொய்ச் செய்தி தீயாகப் பரவும்போது நோட்டீஸ் அனுப்பிக் காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, உழைக்க வந்தவர்கள் பயந்து ரயிலேறினார்கள். அங்கே வேகம் தேவைதான். ஆனால் வேகமும் ரகசியமும் ஒன்றல்ல. தடுத்த அன்றே உத்தரவின் நகலைக் கொடுப்பதால் எந்த அவசரமும் கெட்டுப்போகாது. அந்த வீடியோக்கள் பொய்யென்று அரசு வெளிப்படையாகச் சொன்னதுதான் மக்களைத் தெளிவுபடுத்தியது. மேலும், தடை எதன்மீது என்பதிலும் அளவு வேண்டும். ஒரு பக்கத்தின்மேல் புகார் இருக்க, மழை, விவசாயம், சமையல், சினிமா என்று அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சேர்த்த அத்தனையையும் மூடியது எந்தப் பொது ஒழுங்கைக் காக்க?

இது பெரிய பத்திரிகைகளின் தலைவலி, கம்பம் பள்ளத்தாக்கில் யூடியூப் சேனலும் சிறிய செய்தித் தளமும் நடத்துகிற நமக்கென்ன என்பது இன்னொரு பேச்சு. இதைத்தான் நாம் அழுத்தமாக மறுக்கிறோம். விகடனுக்கு மூத்த வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள், முதலமைச்சர் கண்டித்தார், அப்படியும் தளத்தைத் திறக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது மார்ச் 6ஆம் தேதி. அதுவும் சித்திரம் இருந்த பக்கத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உரிமை முடிவாகும் முன்பே சித்திரம் இறங்கிவிட்டது என்பது நமக்கு வருத்தம்தான். அன்றாட விளம்பரத்தில் ஓடுகிற உத்தமபாளையத்துத் தளம் ஒன்று மூன்று வாரம் மூடிக் கிடந்தால் திரும்பத் திறக்குமா? மாநில அரசுகளின் கையும் சுத்தமில்லை. 2017 நவம்பரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2020 ஏப்ரலில் கொரோனா காலச் செய்திகளுக்காகக் கோவையின் சிம்ப்ளிசிட்டி தளத்தின் நிறுவனர் கைதானார். இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தவை.

நம் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. வெளியிட்டவரைக் கண்டறிய முடியவில்லை என்று அதிகாரி எழுதிவிட்டால் நோட்டீஸ் கடமை தளர்ந்துவிடும். அதற்கு நாமே இடம் கொடுக்கிறோம்: நம் பகுதிச் சேனல்கள் பலவற்றில் ஆசிரியர் பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இல்லை. மண் கடத்தலையும் மலையடிவார ஆக்கிரமிப்பையும் எழுதுகிறவர் வீட்டு முகவரியைப் போட்டால் இரவில் கதவு தட்டப்படும் என்ற பயம் உண்மையானது. அதை நாம் லேசாகச் சொல்லவில்லை. வீட்டு முகவரி வேண்டாம். அலுவலகமோ வழக்கறிஞரின் முகவரியோ, தினமும் பார்க்கும் ஒரு மின்னஞ்சலோ போதும். தளம் திறக்காத நாளில் எந்த நிறுவனத்தின் இணைப்பில், எத்தனை மணிக்கு என்று திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) குறித்து வையுங்கள்; வெளியிட்டதன் நகலைத் தளத்துக்கு வெளியே சேமியுங்கள். அன்றே அமைச்சகத்துக்கும் இணைய நிறுவனத்துக்கும் உத்தரவின் நகல் கேட்டு எழுதுங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால் கேட்ட தேதி நம் கையில் இருக்கும், மதுரைக் கிளையில் மனுவோடு இணைக்க முதல் ஆவணம் அதுதான். மாவட்டச் செய்தியாளர் சங்கங்கள் இதற்கென ஒரு வழக்கறிஞரை இப்போதே பேசி வைப்பது நல்லது, தடை வந்த பிறகு அல்ல.