அட்டைக் கண்ணாடியும் குழந்தையின் இதயமும்

ஒரே வீடியோவை இந்த வாரம் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். ஒரு டாக்டர் தலையில் பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெறும் காற்றில் கையை அசைக்கிறார். பக்கத்துத் திரையில் ஒரு குழந்தையின் இதயம் சுழல்கிறது. 'இனி ஆபரேஷனில் தவறே நடக்காது' என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன சார் என்று கேட்டார் ஒருவர். எழுபத்தைந்து வயதுக்காரனிடம் அபிப்பிராயம் கேட்டால் விடுவேனா?

கருவி நல்லது. அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் வரவேண்டும். அந்த வாசகம் மட்டும் பொய்.

வர்ச்சுவல் ரியாலிட்டி, தமிழில் மெய்நிகர் என்கிறார்கள், குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்குள் வந்த கதை சுவாரசியமானது. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரத்தில், நிக்லாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் சில மாதமே ஆன ஒரு பெண் குழந்தை. ஒரு நுரையீரல் கிடையாது, இதயத்தின் இடது பாகம் கிட்டத்தட்ட இல்லை. வேறு இடத்தில் 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை அது. அறுவை சிகிச்சை நிபுணர் ரெட்மண்ட் பர்க், அந்த இதயத்தின் மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க விரும்பினார். அச்சு இயந்திரமோ பழுது. அவருடைய சக மருத்துவர் ஹுவான் கார்லோஸ் முனிஸ் படங்களைச் செல்போனில் ஏற்றி, போனை ஓர் அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் சொருகிக் கொடுத்தார். கூகுள் கார்ட்போர்டு. விலை இருபது டாலருக்குள். அதைக் கண்ணில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத்தான் பர்க் எங்கே வெட்டுவது, எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்தார்.

அந்த அட்டைக் கண்ணாடியை உருவாக்கியவர்கள் தாவித் கோஸ், தாமியேன் ஆன்ரி என்ற இரண்டு பேர், பாரீஸில் கூகுள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை வருவதைத் தப்பாக நினைக்காதீர்கள். அதே பாரீஸில்தான், 1816இல் நெக்கேர் மருத்துவமனையில், ரெனே லாயென்னெக் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு அது. இதயத்தைக் கேட்கக் காகிதம், இதயத்தைப் பார்க்க அட்டை. காகிதத்தோடு ஆயுளைக் கழித்த குமாஸ்தாவுக்கு இது பிடிக்காமல் போகுமா?

சரி, எதற்கு இந்தக் கண்ணாடி? ஸ்கேன் படமே போதாதா?

லிசேயில் எங்களுக்கு இயற்கை அறிவியல் எடுத்த ஆசிரியர் ஒருநாள் ஆட்டு இதயம் ஒன்றைத் தட்டில் கொண்டுவந்தார். அதுவரை எங்களுக்கு இதயம் என்றால் புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக நான்கு அறை போட்ட படம். கையில் எடுத்துப் பார்த்தால் படத்தில் இருந்த எதுவும் இருந்த இடத்தில் இல்லை. இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு கிளம்புகின்றன. வலது அறை வலப்பக்கம் இல்லை, முன்பக்கம் இருக்கிறது. நல்ல இதயமே இப்படி என்றால், பிறவியிலேயே கோணலான இதயம் எப்படி இருக்கும்? அதுவும் அந்தக் குழந்தையின் கைப்பிடி அளவே உள்ள இதயம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இதயத்தை ரொட்டித் துண்டு மாதிரி அடுக்கடுக்காக வெட்டித்தான் காட்டும். அந்த நூற்றுக்கணக்கான துண்டுகளை மனசுக்குள் மறுபடி ஒட்டி முழு உருவமாக்குவது டாக்டரின் வேலை. கெட்டிக்காரர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஐந்து டாக்டர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் ஐந்து பேர் மனசிலும் ஒரே இதயம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கண்ணாடியில் எல்லோரும் ஒன்றையே பார்க்கலாம், உள்ளே நுழைந்து ஓட்டையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இடது கீழறையிலிருந்து ஒரு குழாய் உடம்புக்கும், வலது கீழறையிலிருந்து இன்னொன்று நுரையீரலுக்கும் போகவேண்டும். சில குழந்தைகளுக்கு இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்பும். இரண்டு அறைக்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையிலிருந்து உடம்புக்குப் போகும் குழாய்வரை உள்ளுக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை தைத்துவிட முடிந்தால் குழந்தைக்கு இரண்டு கீழறையும் வேலை செய்யும். முடியாவிட்டால் வேறு வழி தேடவேண்டும். கடைசியில் எதுவும் சரிவராவிட்டால் ஒரே கீழறையை வைத்து வாழ வைக்கும் வழி. போர்தோவைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃபோன்தான் 1971இல் வெளியிட்ட முறை அதன் முக்கியப் படி. அதற்குப் பல தடவை ஆபரேஷன், ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு. ஓட்டை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, சுரங்கம் போகும் பாதையில் எது குறுக்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு. குழந்தையின் வாழ்நாள் பூராவும் அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. அதற்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது பொம்மை விளையாட்டு இல்லை.

பழைய காலத்தில் இதைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. குழந்தைகள் நீலம் பூத்துப்போகும் நோயை, பிரெஞ்சில் 'மலாதி ப்ளோ', மார்செய் நகரத்து ஃபலோ 1888இல் விவரித்தார். இறந்தவர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்துத்தான் விவரித்தார். இன்றைக்கு உயிரோடிருக்கும் குழந்தையின் இதயத்துக்குள் நடந்து பார்க்கிறார்கள்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். கண்ணாடியில் தெரிவது இதயம் இல்லை, இதயத்தைப் பற்றி ஒருவர் வரைந்த படம். ஸ்கேனில் எது சதை, எது ரத்தம் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு மனுஷர் உட்கார்ந்து ஓரங்களைத் திருத்தவேண்டும். அவர் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் இல்லாத ஓட்டை தோன்றும், இருக்கிற ஓட்டை மறையும். தப்பான படமும் அதே பளபளப்போடுதான் சுழலும். வால்வின் மெல்லிய இதழ்கள் சி.டி.யில் சரியாக விழாது, அதற்கு எக்கோதான். தவிர, படத்தில் தெரிவது ரத்தம் நிறைந்த இதயம். ஆபரேஷன் மேஜையில் டாக்டர் திறப்பது ரத்தத்தை வடித்து, துடிப்பை நிறுத்தி, துவண்டு கிடக்கும் இதயம். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். மயாமி செய்தியை 'அட்டைப்பெட்டி காப்பாற்றிய குழந்தை' என்று தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். அட்டைப்பெட்டியா தையல் போட்டது?

எனக்கு உள்ள பயம் இன்னொன்று. அரசு அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளோடு கிடந்தவன் நான். மார்ச் மாதம் வந்தால் பணம் லாப்ஸ் ஆகிவிடும் என்று அவசர அவசரமாக இயந்திரம் வாங்குவார்கள். பில் பாஸாகும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், திறப்பு விழா போட்டோவும் வரும். அதை இயக்க ஆள் வேண்டும் என்று போஸ்ட் கேட்டு அனுப்பிய கோப்பு நிதித் துறைக்கும் எங்களுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கும். ஒரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் கண்டெம் ஆன இயந்திரத்தின் கோப்பை நானே முடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கண்ணாடியிலும் அதுதான் நடக்கும். கண்ணாடி மலிவு. ஸ்கேன் படத்தை நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்து எடுக்கும் ஆள்தான் செலவு. ஆகவே முதலில் போஸ்ட், அப்புறம் கண்ணாடி. சாங்ஷன் ஆர்டர் அந்த வரிசையில் வரட்டும்.

ஒரு பெரிய வசதி உண்டு. படம் கோப்பாகிவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையவேண்டாம், கோப்பு போகும். புதுச்சேரியில் எடுத்த ஸ்கேனை எங்கேயோ இருக்கும் அனுபவசாலி ஒருவர் ராத்திரியே பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம்.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசக் காணோம். மருத்துவ உதவிக் கோப்புகள் என் மேஜைக்கு வந்த வருஷங்களில், வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் எஸ்டிமேட் சான்றிதழை நீட்டி, "ஐயா, எம்புள்ளைக்கு என்னான்னு இதுல எழுதியிருக்குது?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, பக்கத்தில் ஒரு தொகை. எனக்கும் புரியவில்லை, புரியவில்லை என்றுதான் சொன்னேன். அந்த மனிதர் அதே தாளில் அர்த்தம் தெரியாமலே கைநாட்டு வைத்திருந்தார். ஸ்டான்போர்டு குழந்தைகள் மருத்துவமனையில் 2017 வாக்கில் 'வர்ச்சுவல் ஹார்ட்' என்று ஒன்று செய்தபோது மாணவர்களுக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும் மாட்டிக் காட்டினார்கள். இங்கேயும் அந்தக் கண்ணாடி டாக்டர் அறையிலேயே நின்றுவிடக் கூடாது. "இதோ பாருப்பா, இதுதான் உன் பொண்ணோட இதயம், இங்கதான் ஓட்டை, இந்த வழியாத்தான் தைக்கப்போறோம், இது சரிவரலேன்னா அடுத்தது இது" என்று தமிழில் யாராவது பத்து நிமிஷம் காட்டவேண்டும். கையெழுத்துக் கேட்பது அதற்குப் பிறகு.