வானத்தின் முதல் சொந்தக்காரர்கள்

மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு, காக்கையோடு மல்லுக்கு நிற்காத இல்லத்தரசி உண்டா? "இத்தனூண்டு பறவை, என்ன பாடு படுத்துகிறது!" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். ஆனால் பறவைக்கு உங்களைவிட அதிகமாகப் பயப்படுகிறவர்கள் உண்டு. சொந்தமாகச் சிறு விமானம் வைத்துக்கொண்டு பறக்கிறார்களே, அவர்கள்தாம்!

அமெரிக்காவில் கால்பிரெய்த் ராட்ஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதில் கடும் ஜுரம் கண்டு காது மந்தமாகிப் போனவர். ஆனாலும் ரைட் சகோதரர்களின் பள்ளியில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார். 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி நியூயார்க்கில் கிளம்பி, 49 நாட்களில் கலிபோர்னியாவிலுள்ள பாஸடீனா போய்ச் சேர்ந்தார். அந்தத் தேசத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விமானத்தில் கடந்த முதல் மனிதர் அவரே. வழியில் எத்தனையோ முறை விழுந்தார், எழுந்தார், விமானத்தைச் செப்பனிட்டுக்கொண்டு மறுபடி பறந்தார்.

கீழே தண்டவாளத்தில் ஒரு தனி ரயில் அவரைத் தொடர்ந்து போயிற்று. அதில் மெக்கானிக்குகள், உதிரி பாகங்கள். கூடவே தாயாரும், மனைவி மேபெலும். மேலே கணவர், கீழே மனைவி! அந்த 49 நாளும் அந்த அம்மாள் எப்படிக் கண்ணயர்ந்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தனை கண்டங்களையும் தாண்டியவரின் உயிரைக் கொண்டுபோனது எது தெரியுமா? ஒரு கடற்காகம்! 1912 ஏப்ரல் 3-ஆம் தேதி லாங் பீச் கடற்கரைக்கு மேலே பறந்தபோது பறவைக் கூட்டத்துக்குள் புகுந்தார். ஒரு பறவை விமானத்தைத் திருப்பும் பாகத்தில் சிக்கிக்கொண்டது. விமானம் அலைகளில் விழுந்தது. அவருக்கு அப்போது வயது 33. பறவையால் விமானி உயிரிழந்ததாகப் பதிவான முதல் விபத்து இதுதான் என்கிறார்கள்.

'இறகும் எலும்புமாக உள்ள பறவைக்கு இத்தனை பலமா?' என்று கேட்பீர்கள். பலம் பறவையினுடையது அல்ல, வேகத்தினுடையது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் மீது 2 கிலோ எடையுள்ள பறவை மோதினால், ஐம்பது மாடி உயரத்திலிருந்து 2 கிலோ அரிசிப் பை விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு பங்கானால் அடி நாலு பங்காகும்.

பெரிய பயணி விமானங்களின் முன்கண்ணாடி, நாலு ராத்தல் பறவை மோதினாலும் தாங்கவேண்டும் என்று அமெரிக்காவில் விதி உண்டு. சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. விமானியின் முகத்துக்கும் ஆகாயத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான். அதனால் இங்கே ஜாக்கிரதைதான் கவசம்.

பெரும்பாலான மோதல்கள் தரைக்கு அருகில், ஏறும்போதும் இறங்கும்போதும் நேருகின்றன. எதிரே பறவைகளைக் கண்டால், முடிந்தவரை மேலே ஏறச் சொல்லுவார்கள். ஏனென்றால், மிரண்ட பறவை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் பாயும். கண்ணாடி உடைந்தால் காற்றும் சில்லும் கண்ணைத் தாக்காதிருக்க மூக்குக் கண்ணாடி அணிவது நல்லது. எது நடந்தாலும் பதறாமல் விமானத்தை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது முதல் பாடம்.

ஆபத்து ஆகாயத்தில் மட்டுமல்ல. நிறுத்திவைத்த விமானத்தின் இன்ஜின் மூடிக்குள், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவை வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டிவிடும். கவனியாமல் கிளம்பினால், சூடேறியதும் கூடு பற்றிக்கொள்ளும். ஆகவே, ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து, உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும்.

நமக்கு முன்பே வானத்தில் குடியேறியவை பறவைகள். வழியைவிட்டு விலகவேண்டியவர்கள் நாம்தான். அந்த ஐந்து நிமிஷப் பரிசோதனையைச் சலிப்பாக நினைக்கும் விமானி, வீட்டில் தமக்காகக் காத்திருக்கும் மேபெலை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.