கவனிப்பவரைக் கவனிப்பது யார்?

"பெற்ற பிள்ளைகள் பார்ப்பது இல்லை. பெரியவர்கள் தெருவில் நிற்கிறார்கள்."

முதியோரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் சொல்வது இதுதான். மேடையில் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள். சினிமாவில் இதைச் சொல்லியே கண்ணீர் விட வைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால், கதை அதோடு முடியவில்லை. நாஞ்சில் நாட்டுத் தெருக்களில் வீடு வீடாக நுழைந்து பாருங்கள். வேறு ஒரு காட்சி தெரியும். கட்டிலில் ஒரு பெரியவர் கிடக்கிறார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டு இருக்கிறார். அநேகமாக அவர் ஒரு பெண். மனைவியாக இருப்பார், மகளாக இருப்பார், அல்லது மருமகளாக இருப்பார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலில் இருப்பவரைத்தான் விசாரிக்கிறார்கள். "பாட்டாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? அதை யாரும் கேட்பது இல்லை!

ஆயுள் கூடியது, வீடு சிறுத்தது

கன்னியாகுமரி மாவட்டம் படிப்பில் முந்திய மாவட்டம். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 91 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் இதுவே முதல் இடம்.

வைத்தியத்திலும் பழைய பெருமை உண்டு. நெய்யூரில் 1838-ம் ஆண்டிலேயே மிஷன் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922-லும் 1924-லும் முயன்ற டாக்டர் சாமர்வெல், அந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில்தான் பல வருடம் கத்தி பிடித்து ஆபரேஷன் செய்தார். நாகர்கோவில் வடசேரியில் ரட்சணிய சேனையின் காதரீன் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆசாரிபள்ளத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

படிப்பும் வைத்தியமும் வந்தன. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஏழு பிள்ளை பெற்ற வீட்டில் இன்று இரண்டு பிள்ளை. அந்த இரண்டு பேரும் நன்றாகப் படித்தார்கள். ஒருவர் துபாய் போனார். ஒருவர் பெங்களூர் போனார். வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

தமிழ்நாடு முழுவதிலுமே இந்த நிலைதான். 2011-ல் 100 பேரில் 10 பேர் 60 வயது தாண்டியவர்கள். 2031-ல் இது 18 பேர் ஆகும் என்று மத்திய சர்க்கார் மதிப்பிட்டு இருக்கிறது. கேரளம்தான் இதில் தமிழ்நாட்டுக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது குமரி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குமரி மாவட்டத்துப் பெண்கள் பலர் நர்ஸ் வேலைக்குப் படித்து, கடல் கடந்து போகிறார்கள். அயல் நாட்டு ஆஸ்பத்திரிகளில், யாரோ ஒருவருடைய தாயைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள். சொந்தத் தாய் திங்கள்சந்தையிலோ, கருங்கல்லிலோ தனியாக இருக்கிறாள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அந்தத் தாய்க்கு மருந்து வாங்குகிறார்கள்.

24 மணி நேர உத்தியோகம்

பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன? பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரே பக்கமாகப் படுத்தால் உடம்பு புண்ணாகும். ஆகவே, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு 12 மணிக்கும் புரட்ட வேண்டும். 2 மணிக்கும் புரட்ட வேண்டும். இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்து இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவப்பைக் கவனிக்காமல் விட்டால், சில நாட்களில் அது குழிப்புண் ஆகிவிடும். காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

சாப்பாடு கொடுப்பது அதைவிடக் கஷ்டம். படுத்தபடியே ஊட்டினால் கஞ்சி மூச்சுக் குழலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். சிறு கரண்டியில் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரு வேளைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

துணி மாற்றுவது, துடைப்பது, சிறுநீர்ப் பையைக் கொட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் இதற்கு மேல். அறுபது கிலோ மனிதரை நாற்பத்தைந்து கிலோ பெண் தூக்குகிறாள். அவள் முதுகு என்ன ஆகும்?

மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கஷ்டம் வேறு மாதிரி. அவர்கள் நடப்பார்கள். நடுச்சாமத்தில் கதவைத் திறந்துகொண்டு போவார்கள். பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டு, தினமும் சோறு போடுவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்!

இப்படிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணால் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. கோவில் கொடைக்குப் போக முடியாது. தனக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போய் வரிசையில் நிற்க முடியாது. அவளுக்கும் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயது ஆகி இருக்கும். அவளுக்கும் ரத்த அழுத்தம் இருக்கும். ஒரு நாள் அவளே விழுந்துவிடுகிறாள். அப்போது அந்த வீட்டில் கட்டில் இரண்டு ஆகிறது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதிய காலத்தில் இந்த நாட்டைக் கலக்கிய கேள்வி, சொத்து மகனுக்கா, மருமகனுக்கா என்பது. அதற்கு 1926-ம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானம் சட்டம் போட்டுத் தீர்வு கண்டது. இரவில் கண் விழிப்பது யார் என்ற கேள்விக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. அது பெண்ணின் வேலை என்று அன்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

சர்க்கார் கொடுப்பது என்ன?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1962-ல் காமராஜர் ஆட்சியில், ஆதரவு இல்லாத முதியோருக்கு மாதம் 20 ரூபாய் பென்ஷன் ஆரம்பமானது. அது படிப்படியாக உயர்ந்து, 2023-ல் 1,200 ரூபாய் ஆயிற்று.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007-ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். குமரியில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று 2 கோட்டங்கள் உண்டு. 14567 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து யோசனையும் கேட்கலாம்.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் வந்தது. இது நல்ல திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து புண் கட்ட நர்ஸ். கை கால் பயிற்சி கொடுக்கத் தனி நிபுணர். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றியத்துக்கு ஒரு நர்ஸ் என்பது ஏற்பாடு. குமரியில் 9 ஒன்றியங்கள். ஜனத்தொகை 2011-லேயே 18 லட்சத்து 70 ஆயிரம்! நர்ஸ் எவ்வளவு ஓடினாலும் ஒரு வீட்டுக்கு எத்தனை தடவை வர முடியும்? வந்து அரை மணி நேரம் இருப்பார். மிச்ச நேரம் முழுவதும் அந்த ஒரு பெண்தான்.

2025-ம் வருட பட்ஜெட்டில் 25 'அன்புச்சோலை' மையங்கள் அறிவிக்கப்பட்டன. பெரியவர்கள் பகல் பொழுதை அங்கே கழித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பலாம். மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களுக்கு இது வந்தது. நடக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். எழுந்திருக்க முடியாதவர் எப்படிப் போவார்?

பென்ஷன் பணம் தரும். சட்டம் நியாயம் தரும். நர்ஸ் மருந்து தருவார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இன்னும் ஒன்று. "நீ கொஞ்சம் தூங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள்!

ஜப்பானில் இதற்கே சர்க்கார் வழி செய்து இருக்கிறது. 2000-ம் வருடம் முதல், 40 வயது ஆனவர்கள் எல்லோரும் இதற்கென்று சந்தா கட்டுகிறார்கள். முதியவரைச் சில நாள் ஒரு விடுதியில் விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர் இளைப்பாறலாம். அது பணக்கார நாடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் போதும்.

பக்கத்து வீட்டின் பாடம்

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜகோபாலும், டாக்டர் சுரேஷ்குமாரும், நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் வலியால் துடித்தவர்களுக்கு வலியைக் குறைப்பது அதன் நோக்கம். போகப் போக அவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாள்தான். மற்ற நாள் எல்லாம் வீட்டில். வீட்டில் இருப்பவருக்குப் பக்கத்துத் தெருக்காரர்தானே உதவ முடியும்?

மலப்புரத்தில் இதைச் செய்து காட்டினார்கள். வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று ஊராரைக் கேட்டார்கள். முடியும் என்றவர்களுக்கு 16 மணி நேரம் பாடம் நடத்தினார்கள். நர்சுடன் 4 தடவை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் படிப்பு! அவர்கள் நோயாளியைக் குளிப்பாட்டினார்கள், புரட்டினார்கள், பேசிக்கொண்டு இருந்தார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி சேர்த்துக் கொடுத்தார்கள். செலவுக்கு ஊராரிடமே சிறு சிறு தொகையாக வசூல் செய்தார்கள்.

2008-ல் கேரள சர்க்கார் இதை மாநிலத்தின் கொள்கையாகவே ஆக்கியது. பஞ்சாயத்துகள் பொறுப்பு ஏற்றன. டாக்டர் ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1956 நவம்பர் 1 வரை குமரியும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. ஒரே வகை மழை. ஒரே வகை மரச்சீனிக் கிழங்கு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆள் இருக்கிறது, அழைப்பு இல்லை

நாஞ்சில் நாட்டில் கூட்டம் கூட ஆளுக்குப் பஞ்சம் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் சுமார் முப்பது வீடுகள் சேர்ந்த 'அன்பியங்கள்' இருக்கின்றன. சி.எஸ்.ஐ. சபைகள் இருக்கின்றன. அய்யாவழி நிழல்தாங்கல்கள் இருக்கின்றன. ஊர் அம்மன் கோவில் கமிட்டிகள், ஜமாத்துகள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஊர் நூலகங்கள் எல்லாம் இருக்கின்றன. கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு, கட்டிலில் கிடப்பவர்களின் கணக்கை எடுக்கத் தெரியாதா?

வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் பலர். ஒரு நோயாளியை முதுகு வலிக்காமல் எப்படிப் புரட்டுவது என்று அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டவர்கள் குறைவு.

ஆண்களும் இதில் சேர வேண்டும். பென்ஷன் வாங்கும் வாத்தியார்கள் சாயங்காலம் கலுங்கில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுகிறார்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெரியவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டலாம். அதற்குள் வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போய் வந்துவிடுவாள். உலக அரசியல் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்.

தடைகள் இல்லாமல் இல்லை. "அடுத்தவரை அடுக்களை வரை விட்டால் ஊர் முழுக்க வம்பு பேசுவார்களே" என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. மலப்புரம் மாதிரி பாடம் நடத்தும்போது, வீட்டில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பதை முதல் பாடமாக வைக்க வேண்டும். சாதி, மதம் பார்த்து வீட்டுக்குள் விடமாட்டோம் என்பவர்களும் உண்டு. நடு இரவில் மாமனாரைத் தூக்க ஆள் இல்லாமல் தவித்த மருமகள் அப்படிச் சொல்லமாட்டாள்.

பஞ்சாயத்து செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் உண்டு. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் அறையும் போதும். ஒரு வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய சக்கர நாற்காலியும் காற்றுப் படுக்கையும் பரணில் ஏறிவிட்டன. விற்கவும் மனம் இல்லை. எறியவும் மனம் இல்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் நேற்றுத்தான் விழுந்தார். அந்த வீட்டில் அதே நாற்காலியைக் கடன் வாங்கிப் புதிதாக வாங்குகிறார்கள்.